ஹோம் தியேட்டர் கணினி: முதல் செலவு டிஸ்க்குக்கும் யுபிஎஸ்ஸுக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மதுரைப் பக்கத்தில் அடிக்கடி வரும் 'நாளைய மின்தடை' பட்டியலைப் பார்த்ததும் வீடுகளில் மேல்தொட்டியை நிரப்பிவிடுகிறார்கள், இட்லி மாவை முதல் நாளே ஆட்டிவைக்கிறார்கள். அதே வீட்டில் கல்யாண வீடியோவும் பிள்ளைகளின் படங்களும் அடங்கிய ஹார்ட் டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கும்போதே கரண்ட் போகிறது. அதைப் பற்றி எவரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

டிவிடி பிளேயர் பரணுக்குப் போய்விட்டது. காதுகுத்து முதல் அறுபதாம் கல்யாணம் வரை எல்லாம் பென் டிரைவில் வருகிறது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து டிவியில் பார்க்க ஒரு ஹோம் தியேட்டர் கணினி வாங்கலாம் என்று பலர் கிளம்புகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கடையில் எழுதித் தரும் கொட்டேஷனில் கிராபிக்ஸ் கார்டு, கண்ணாடி கேபினட், கலர் லைட் ஃபேன், 16 ஜி.பி. ராம் என்று வரிசையாக வந்து, கடைசி வரியில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. அந்தப் பட்டியலைத் தலைகீழாக்க வேண்டும். பணத்தில் பாதிக்கு மேல் டிஸ்க்குகளுக்குப் போகட்டும். அடுத்தது யுபிஎஸ். மிச்சத்தில் கணினி வாங்கினால் போதும்.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதை முதலில் கணக்குப் போட வேண்டும். ஸ்டூடியோ எடிட் செய்து தரும் ஃபுல் எச்.டி. வீடியோ நொடிக்கு 25 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 11 ஜி.பி. எடிட் செய்யாத 4கே மூலப்பதிவு நொடிக்கு 100 மெகாபிட் ஓடும். மணிக்கு 45 ஜி.பி. இரண்டு கேமராவில் மொத்தம் 12 மணி நேரம் எடுத்திருந்தால் ஒரு கல்யாணத்துக்கே 540 ஜி.பி. பழைய மினி டி.வி. கேசட் மணிக்கு 13 ஜி.பி. இதையெல்லாம் கூட்டி, இரண்டால் பெருக்கி, அதற்கேற்ற டிஸ்க் வாங்குங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு 4 டி.பி. (4,000 ஜி.பி.) போதும், மூலப்பதிவையும் வைத்துக்கொள்வோருக்கு 8 டி.பி. 4 டி.பி. டிஸ்க்கை விண்டோஸ் 3.63 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, எண்ணும் முறைதான் வேறு.

படத்தைச் சேமிக்கும் கணினியும் டிவிக்குப் பின்னால் இருந்து ஓட்டும் கருவியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் கூடாது. ஓட்டும் கருவி சிறியதாக, சத்தமில்லாமல், எப்போது வேண்டுமானாலும் அணைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சேமிப்புக் கணினியோ கண்ணில் படாத, காற்றோட்டமான இடத்தில் நிலையாக ஓட வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால் ஹாலில் டிஸ்க்கின் கரகரப்பும் கேட்கும், பிள்ளைகள் ரிமோட்டில் அணைக்கும்போது காப்பு நகல் வேலையும் பாதியில் நிற்கும்.

சேமிப்புக்குப் புதுக் கணினி தேவையே இல்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14-ல் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. இன்டெல் 8-ம் தலைமுறைக்கு முந்தைய சிப்புகளை விண்டோஸ் 11 அநேகமாக ஏற்பதில்லை. அதனால் அலுவலகங்கள் கழித்துவிடும் 7-ம் தலைமுறைக் கணினிகள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் மலிவாக வருகின்றன. லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தில் ஓடப்போகும் சேமிப்புக் கணினிக்கு இந்தத் தடை எதுவும் கிடையாது. 7-ம் தலைமுறை என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: டிவியில் நேரடியாக ஓடாத வீடியோவைச் சேமிப்புக் கணினியே மாற்றி அனுப்ப வேண்டிவரும், அதற்குத் தேவையான, 10 பிட் எச்.இ.வி.சி. (புதிய வீடியோச் சுருக்க முறை) வீடியோவைச் சிப்பே நேரடியாக விரிக்கும் வசதி அதிலிருந்துதான் முழுமையாக வந்தது. 6-ம் தலைமுறையை யாராவது தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள். 8 ஜி.பி. ராம், இயங்குதளத்துக்குத் தனியாக 128 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 3.5 அங்குல டிஸ்க் இரண்டு உட்காரும் கேபினட், இவ்வளவுதான். வாங்குமுன் மூடியைத் திறந்து, டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா பவர் கனெக்டர் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தால் பழைய நாலு பின் கனெக்டரிலிருந்து மாற்றித் தரும் ஒயர் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அதில் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகை உள்ளுக்குள் ஒயர்கள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடிக்கக்கூடியது. ஒயரை அழுத்திச் செருகிய, பின்பக்கம் திறக்கக்கூடிய வகையை மட்டும் கேளுங்கள். மினி கணினியில் டிஸ்க்குகளைச் செருகும் யு.எஸ்.பி. டாக் வைத்து நாலு டிஸ்க் மாட்டுவோரும் உண்டு. யு.எஸ்.பி. இணைப்பு நடுவில் ஒரு நொடி அறுந்தாலும் எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடும். இரவும் பகலும் ஓடும் சேமிப்புக்கு அது ஆகாது.

டிஸ்க் வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி: சி.எம்.ஆர். வகையா, எஸ்.எம்.ஆர். வகையா? எஸ்.எம்.ஆர். டிஸ்க்கில் தடங்கள் ஓட்டு வீட்டின் ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், சி.எம்.ஆரில் தனித்தனியாக இருக்கும். எஸ்.எம்.ஆரில் ஒரு தடத்தை மாற்றி எழுத அடுத்தடுத்த தடங்களையும் எழுத வேண்டும். படித்துப் பார்க்க மட்டும் என்றால் பரவாயில்லை. நிறைய எழுதும்போது வேகம் தரைமட்டமாகிவிடும். பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து ஓட்டும் ரெய்டு அமைப்பில், செத்த டிஸ்க்குக்கு மாற்றாகப் போட்டால் மீட்பு நாள்கணக்கில் இழுக்கும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் 'ரெட்' வரிசையில் சிலவற்றை எஸ்.எம்.ஆராக, அதைச் சொல்லாமலே விற்றது வெளியில் வந்து பெரிய சர்ச்சையானது. அதன்பின் சி.எம்.ஆர். டிஸ்க்குகள் 'ரெட் பிளஸ்' என்று தனியாக வருகின்றன. சீகேட்டில் 'அயர்ன்வுல்ஃப்' சி.எம்.ஆர்.; மேசைக் கணினிக்கான 'பாரகுடா'வில் 4 டி.பி., 8 டி.பி. எஸ்.எம்.ஆர். விலை குறைவு என்று பாரகுடாவைக் கொடுத்தால் யோசியுங்கள்.

இனி, மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடம். 'ரெய்டு போட்டுவிட்டோம், இரண்டு டிஸ்க்கிலும் இருக்கிறது, பயமில்லை' என்கிறார்கள். ரெய்டு என்பது ஒரு டிஸ்க் செத்தாலும் கணினி நிற்காமல் ஓடுவதற்கான ஏற்பாடு மட்டுமே. பேரன் ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். ஐப்பசி இடி மின்னலில் பவர் சப்ளை வெடித்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். ஆகவே இரண்டு டிஸ்க்தான் வாங்க முடியும் என்றால் ரெய்டே வேண்டாம். ஒன்று கணினியில் இருக்கட்டும். மற்றொன்றில் முழு நகல் எடுத்து, திருமங்கலத்திலோ மேலூரிலோ இருக்கும் உறவினர் வீட்டு பீரோவில் வையுங்கள். பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் எப்படியும் போய்வருகிறோம், அப்போது புதுப்பித்துக்கொள்ளலாம். மூன்றாவது டிஸ்க்குக்கு வசதி இருந்தால் அதன்பிறகு இரண்டை இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறையில், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும் கண்ணாடிப் பிரதியாக அமைக்கலாம். அதில் ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் இருப்பதால், ஒரு டிஸ்க்கில் தானாகக் கெட்ட துண்டை மற்றதிலிருந்து திருத்திக்கொள்ளும். எல்லாத் துண்டுகளையும் படித்துச் சரிபார்க்கும் 'ஸ்கிரப்' மாதம் ஒருமுறை ஓடும்படி நேரம் குறித்துவிட்டால் போதும். மூன்று பெரிய டிஸ்க்கில், ஒன்று செத்தாலும் மற்ற இரண்டிலிருந்து மீட்கும் ரெய்டு 5 போடும் வழக்கம் வீட்டுக்குத் தேவையில்லை. 8 டி.பி. டிஸ்க் ஒன்றை நொடிக்கு 150 எம்.பி. வேகத்தில் மீட்டெடுத்தாலே 15 மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் மிச்சமுள்ள பழைய டிஸ்க்குகள் முழு மூச்சில் ஓட வேண்டும், இன்னொன்று சாவது பெரும்பாலும் அப்போதுதான்.

நகல் எடுக்க லினக்ஸில் 'ஆர்சிங்க்' என்னும் மென்பொருள் போதும். மூலத்தில் இல்லாததை நகலிலும் அழி என்னும் 'டெலீட்' கட்டளையைச் சேர்த்து இரவில் தானாக ஓடவிடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூல டிஸ்க் ஏதோ காரணத்தால் மவுண்ட் ஆகாமல் (கணினியோடு இணையாமல்) போனால் அந்த இடத்தில் வெறும் ஃபோல்டர்தான் இருக்கும். ஆர்சிங்க் அதை 'எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டது' என்று எடுத்துக்கொண்டு நகலையும் துடைத்துவிடும். மூல டிஸ்க்கில் அடையாளமாக ஒரு சிறு கோப்பை வைத்து, அது கண்ணில் பட்டால் மட்டும் நகல் வேலை தொடங்கும்படி இரண்டு வரி எழுதிவிடுங்கள். இந்த இரண்டு வரி இல்லாததால் வீட்டுப் படங்கள் முழுதும் போகலாம்.

மின்சாரத்துக்கு வருகிறேன். கரண்ட் சட்டென்று போகும்போது டிஸ்க்கின் எழுதும் முனை அவசரமாக ஓரத்துக்கு ஓடி ஒதுங்குகிறது. இப்படி எத்தனை முறை நடந்தது என்பதைப் பல டிஸ்க்குகள், தம் நிலையைத் தாமே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' பட்டியலில் 192-ம் எண்ணில் குறித்துவைக்கின்றன. பழைய டிஸ்க் வாங்கும்போது இதையும் பாருங்கள். 'வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, யுபிஎஸ் எதற்கு' என்று கேட்பார்கள். கணினியின் பவர் சப்ளை தாக்குப்பிடிப்பது ஏறக்குறைய 16 மில்லி நொடி. இன்வெர்ட்டரின் பின்பக்க ஸ்விட்ச் 'யுபிஎஸ்' நிலையில் இருந்தால் மாறும் நேரம் குறைவு, தப்பிக்கலாம். சாதாரண நிலையில் இருந்தால் கணினி அணைந்து எழும். மேலும் இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்குப் பின்னால் யுபிஎஸ்ஸை மாட்டினால், அந்த மின்சாரத்தை யுபிஎஸ் ஏற்காமல் தன் பேட்டரிக்கே தாவித் தாவி அதைக் காலிசெய்துவிடும்.

600 வி.ஏ. லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ் ஒன்று போதும். ஆனால் பின்னால் யு.எஸ்.பி. டேட்டா போர்ட் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு டிஸ்க்குடன் கணினி சும்மா ஓடும்போது 30 வாட் அளவில் இழுக்கும். இன்டர்நெட் பெட்டியையும் ஸ்விட்ச்சையும் சேர்த்தாலும் புது பேட்டரி அரை மணி நேரம் தாங்கும். காலையில் போய்ச் சாயங்காலம் வரும் பராமரிப்பு மின்தடைக்கு அது ஈடுகொடுக்காது, ஈடுகொடுக்க வேண்டியதும் இல்லை. அந்த போர்ட் வழியே யுபிஎஸ்ஸின் நிலையை அறியும் 'நட்' என்னும் இலவச மென்பொருளை நிறுவி, பேட்டரிக்கு மாறி ஐந்து நிமிடம் ஆனதும் கணினி முறையாக அணையும்படி செய்ய வேண்டும். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) 'கரண்ட் வந்ததும் இயங்கு' என்பதையும் வைத்துவிடுகிறோம். இங்கே ஒரு சிக்கல் வரும். கணினி அணைந்தபின்பும் யுபிஎஸ் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அது தீருமுன் ஊர்க் கரண்ட் வந்துவிட்டால், கணினியைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை. ஆகவே எழாது. அணையும் கடைசிக் கட்டத்தில் யுபிஎஸ்ஸின் வெளியீட்டையும் துண்டிக்கச் சொல்லும் அமைப்பு நட்டிலேயே உண்டு, அதைச் செயல்படுத்தி, ஒருமுறை மெயின் ஸ்விட்ச்சை இறக்கிச் சோதித்துப் பாருங்கள். யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் தளர்ந்துவிடும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மின்கட்டணம் பற்றிய பயம் கணக்குப் போட்டால் தெளியும். 30 வாட் கருவி இரவு பகலாக 60 நாள் ஓடினால் 43 யூனிட். கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினி 90 வாட் இழுத்தால் 130 யூனிட். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் பெரும்பகுதியை அது ஒன்றே தின்றுவிடும். எர்த்திங்கையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்துவிட்ட வீடுகளில் கணினியின் இரும்பு உடலைத் தொட்டாலே சுருக்கென்கிறது. குழியில் தண்ணீர் ஊற்றுவது நம் வீடுகளில் மறந்துபோன வேலை.

அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள பரண், நடுப்பகலில் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். சேமிப்புக் கணினியை அங்கே ஏற்றாதீர்கள். கதவு போட்ட டிவி ஷோகேஸுக்குள்ளும் திணிக்காதீர்கள். கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் வைப்பது நல்லது. டிஸ்க்குகளுக்கு நேர் எதிரே 120 மி.மீ. ஃபேன் ஒன்று மெதுவாகச் சுழன்றாலே டிஸ்க் சூடு கண்கூடாகக் குறையும். 45 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 50-ஐத் தாண்டினால் இடத்தை மாற்றுங்கள். எறும்பும் பல்லியும் சூடான பவர் சப்ளைக்குள் குடியேறுவது நம் பக்கத்தில் சாதாரணம். பின்பக்கத் திறப்புகளுக்கு மெல்லிய கம்பிவலை ஒட்டி, மாதம் ஒருமுறை தூசு தட்ட வேண்டும்.

மாசி வீதிகளின் பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சுவர் கனமானது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு சுவரைத் தாண்டினாலே தளர்ந்துவிடும். நெட்வொர்க் கேபிள் இழுப்பதே வழி. அய்யர் பங்களா, திருநகர்ப் பக்கம் புது வீடு கட்டுவோர் பூச்சு வேலைக்கு முன்பே மின் ஒயர் பைப்பிலிருந்து விலக்கி, 25 மி.மீ. பைப் ஒன்றைத் தனியாகப் புதைத்துவிடுங்கள். கேட் 6 கேபிள் முழுத் தாமிரமாக இருக்க வேண்டும். அலுமினியத்தில் தாமிரம் பூசியது பாதி விலைக்குக் கிடைக்கும், ஆனால் வளைத்தால் முறியும். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். எட்டு ஒயரையும் கிரிம்ப் செய்ய வேண்டும். நாலு ஒயர் மட்டும் போட்டாலும் இணைப்பு வரும், ஆனால் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். இன்டர்நெட் நிறுவனம் தரும் பெட்டியிலும் கிகாபிட் போர்ட் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றை நடுவில் போடுங்கள். சரியாக அமைந்தால் நொடிக்கு 110 எம்.பி. வரை கோப்பு நகரும்.

மென்பொருளில் சேமிப்புக் கணினிக்கு டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட 'ஓப்பன் மீடியா வால்ட்', அதன்மேல் வீடியோக்களை டிவிக்கு அனுப்பும் 'ஜெல்லிஃபின்'. இரண்டும் இலவசம். ஜெல்லிஃபின் செயலி ஆண்ட்ராய்டு டிவிக்கும் எல்.ஜி. டிவிக்கும் உண்டு. வீட்டுப் பதிவுகளுக்கு நூலக வகையை 'ஹோம் வீடியோஸ்' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 'மூவீஸ்' என்று வைத்தால், கல்யாண வீடியோவின் பெயரை வைத்து இணையத்தில் தேடி ஏதோ ஒரு படத்தின் போஸ்டரை ஒட்டிவிடும். ஃபோல்டர் பெயரில் ஆண்டு, மாதம், நாள் முதலில் வரட்டும். தமிழில் பெயர் வைப்பதில் தடையில்லை. தமிழ் சப்டைட்டில் கோப்பு யூ.டி.எஃப்-8 குறியீட்டில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையேல் கட்டம் கட்டமாகத் தெரியும்.

டிவிக்குப் பின்னால் வைக்க வீடியோ ஓட்டும் 'கோடி' மென்பொருளோடு ராஸ்பெர்ரி பை என்னும் கையடக்கக் கணினி வசதியானது. எச்.டி.எம்.ஐ. வழியாக டிவி ரிமோட்டிலேயே அதை இயக்கலாம். வீட்டுப் பெரியவர்களுக்கு இரண்டாவது ரிமோட் வேண்டாம். சாதாரணக் கணினிகளில் அநேகமாக இந்த வசதி இருப்பதில்லை. ஆனால் ராஸ்பெர்ரி பை 5-ல் எச்.இ.வி.சி.க்கு மட்டுமே வன்பொருள் உதவி உண்டு. எச்.264 என்னும் பழைய சுருக்க முறையில் எடுத்த 4கே மூலப்பதிவு அதில் திணறும். அது நிறைய உள்ள வீட்டுக்கு 2023-ல் வந்த இன்டெல் என்100 சிப் போட்ட மினி கணினி பொருந்தும். கேமராவில் 10 பிட் 4:2:2 முறையில் (நிற விவரம் கூடுதலாகப் பதியும் முறை) எடுத்தவை பெரும்பாலான டிவிகளில் ஓடாது. மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பார்ப்பதற்கு 8 பிட் நகல் ஒன்று தனியாகச் செய்துகொள்ளுங்கள்.

நம் ஊர்க் கல்யாண வீடியோக்கள் பெரும்பாலும் நொடிக்கு 25 சட்டகம். ஓட்டும் கருவி 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் நிலையில் நின்றால், மேடையைக் குறுக்காகக் காட்டும்போது படம் விட்டுவிட்டு நகரும். பலர் டிவியைக் குறை சொல்வார்கள். கோடியில் 'டிஸ்பிளேயின் புதுப்பிப்பு வேகத்தை மாற்று' என்பதை 'தொடக்கத்திலும் முடிவிலும்' என்று வைத்தால் டிவி 50 ஹெர்ட்ஸுக்கு மாறி, படம் வழுக்கிக்கொண்டு ஓடும். பழைய டிவிடி, மினி டி.வி. பதிவுகளில் கைகால் அசைவில் சீப்புப் பல் போலக் கோடு தெரிந்தால் 'டீஇன்டர்லேஸ்' இயக்கத்தில் இல்லை என்று பொருள்.

எல்லாம் அமைத்தபின் மாதம் ஒருமுறை ஸ்மார்ட் பட்டியலில், டிஸ்க்கில் கெட்ட இடங்களைக் குறிக்கும் 5, 197, 198 ஆகிய எண்களைப் பாருங்கள். பூஜ்யமாக இருக்க வேண்டியவை கூடிக்கொண்டே போனால் அன்றைக்கே புது டிஸ்க் வாங்குங்கள். 199 கூடினால் டிஸ்க்கைத் தூக்கி எறியாதீர்கள், பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் காரணம். மாற்றிப் போட்டால் மேற்கொண்டு கூடாது. உறவினர் வீட்டு டிஸ்க்கை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாட்டி, நாலைந்து கோப்புகளை முழுதாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஸ்டூடியோ நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். பென் டிரைவ் கொடுத்தனுப்பும் பொருள், காத்துவைக்கும் பொருள் அல்ல. ஆண்டுக்கணக்கில் மின்சாரம் படாமல் கிடந்தால் அதிலுள்ள பதிவு கரையக்கூடும். வாடிக்கையாளர் ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்தால் எடிட் செய்த படத்தோடு மூலப்பதிவையும் அதில் ஏற்றிக் கொடுங்கள். எவ்வளவு காலம் உங்களிடம் நகல் இருக்கும் என்பதை ரசீதிலேயே எழுதிவிடுங்கள். அந்தத் தேதி தெரிந்தால்தான் அதற்குள் தங்கள் நகல் சரியாக ஓடுகிறதா என்று குடும்பத்தார் பார்த்துக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்கும் தொழிலிலுள்ள வாசகர்,
கே.கே.நகர், மதுரை.